கொழுந்து மாடியில் காய்ந்த ரிபன்

காகிதத்தைத் தேயிலைக் கொழுந்து என்று நினைத்து வாடப்போட்டவன் ஊவா மாகாணத்தில் நான் ஒருவன்தான். வேறு யாராவது இருந்தால் தாராளமாக முன்வரலாம். முதலிடத்தை விட்டுத்தர மாட்டேன், பக்கத்தில் உட்கார இடம் தருகிறேன். இதைச் செய்தபோது நான் சின்னப் பிள்ளையும் இல்லை. மீசை இருந்தது, கைக்கடிகாரம் இருந்தது, கல்யாணம் ஆகி ஒரு வருஷமும் ஆகியிருந்தது. புத்தி ஒன்றைத் தவிர ஒரு ஆம்பிளைக்கு வேண்டிய எல்லாம் இருந்தது.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. இலங்கை மலைநாட்டில், லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் எனக்குச் சின்ன டீமேக்கர் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். ஸ்டோரில் எனக்கு மேலே பெரிய டீமேக்கர் ஒருவர் இருந்தார். தேயிலை நன்றாக வந்தால் அது அவருடைய கைவண்ணம், கெட்டுப்போனால் அது என்னுடைய வேலை. நிர்வாகம் அப்படி ஒழுங்காக நடந்தது. நான் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்வதில்லை, ஏனென்றால் கொழுந்து வாட்டுவதில் என்னை அடிக்க ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது, அது வேறு விஷயம்.

ஸ்டோரின் மேல்மாடியில் சாக்குத் துணித் தட்டுகளை அடுக்கடுக்காக இழுத்துக் கட்டியிருப்பார்கள். பச்சைக் கொழுந்தை அதில் பரப்பி விட்டால் பெரிய காற்றாடி சூடான காற்றை அதன்மேல் ஓட்டும். பதம் வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் இறுக்க வேண்டும். பிடியை விட்டதும் உருண்டையாக அப்படியே கிடந்தால் பதம் சரி. சடசடவென்று விரிந்தால் இன்னும் காற்று வேண்டும். இதற்குக் கண் வேண்டாம், படிப்பு வேண்டாம், கை போதும். அந்தக் கைதான் என்னைக் கவிழ்த்தது.

என் மனைவி பண்டாரவளையில் சித்தி வீட்டில் தங்கி எஸ்.எஸ்.சி. வரைக்கும் படித்தவள். அந்தச் சித்தி தையல்காரி. படிப்போடு தையலும் அங்கே சேர்ந்து வந்தது. அவள் ஊசி பிடித்திருக்கும்போது நாம் பக்கத்தில் நின்று என்ன பேசினாலும் பதில் வராது, வாயில் நூல் இருக்கும். அதனால் நான் முக்கியமான விஷயங்களை எல்லாம் அந்த நேரத்தில்தான் சொல்வேன். எதிர்ப்பு இருக்காது.

பதுளையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் வேலை காலியாக இருந்தது. அரசாங்கப் பள்ளிக்கூடம் என்றால் முதலில் பிரஜாவுரிமை கேட்பார்கள். தோட்டத்துத் தமிழரான எங்களிடம் இருந்ததெல்லாம் அதற்கு விண்ணப்பம் போட்டதற்கான துண்டு. அதைக் காட்டினால் உட்காரக்கூடச் சொல்ல மாட்டார்கள். இது தனியார் நடத்திய பள்ளிக்கூடம். அவர்கள் காகிதம் கேட்கவில்லை, கைவேலை கேட்டார்கள். எந்தெந்தத் தையல் தெரியுமோ அத்தனைக்கும் ஒரு மாதிரி தைத்து, பக்கம் பக்கமாக ஆல்பம் செய்து, நேரில் கொண்டுவர வேண்டும். சொந்தக் கையால் செய்ததாக இருக்க வேண்டும். அவளுக்குத் திறந்திருந்த கதவு அது ஒன்றுதான், அவளுக்கும் அது தெரியும்.

ஆல்பம் செய்ய அவள் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பார்த்ததுதான் என் பங்கு. பழைய காலண்டர் அட்டைகளை ஒரே அளவாக வெட்டி, இரண்டு பக்கமும் வெள்ளைத் தாள் ஒட்டிக் கெட்டியான பக்கங்களாக ஆக்கினாள். ஒரு பக்கத்தில் இழையோட்டம், ஒன்றில் சங்கிலித் தையல், ஒன்றில் பொத்தான் துளை, ஒன்றில் கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடுகிற விதம். துணித் துண்டுகளைத் தாளோடு சேர்த்து நூலால் பிடித்தாள். கீழே முத்து முத்தாக எழுத்து. மூலையில் தேயிலைக்கு நடுவில் தண்ணீர் ஓடுகிற கானில் பறித்து, அரிசி மூட்டைக்கு அடியில் வைத்துக் காயவிட்ட பன்னை என்கிற பெரணி இலை. கடைசியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓரத்தில் வெள்ளைச் சாட்டின் ரிபன் போட வேண்டும். அந்த ரிபனைப் பதுளையில் மூன்று கடை ஏறி இறங்கி வாங்கி வந்திருந்தாள்.

வேலை கிடைத்தால் வாரநாட்களில் பள்ளிக்கூட விடுதியில் தங்க வேண்டும். சனி ஞாயிறு மட்டும் தோட்டத்துக்கு வரலாம். இதைக் கேட்ட பெரிய டீமேக்கருக்கு ஒரு மாதத்துக்குச் சிரிக்கக் காரணம் கிடைத்துவிட்டது.

"தம்பி, இனிமே ஒன் சோத்த நீதான் வடிக்கணும்."

"வடிச்சிருவோம் ஐயா. இவ்வளவு கொழுந்த வாட்டுறவனுக்கு ஒரு சுண்டு அரிசி என்ன பெரிய காரியம்?"

"கொழுந்துக்கு நான் இருக்கேன். சோத்துக்கு யாரு இருக்கா?"

நான் அன்றைக்கே வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்துப் பார்த்தேன். அது வடிய மறுத்தது. கிண்டிப் பார்த்தபோது சுவரொட்டி ஒட்டலாம் போல இருந்தது. என் மனைவி அதைச் சாப்பிட்டுவிட்டு, "பரவால்லீங்க, பல்லுக்கு வேலையில்ல" என்றாள். நானும் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

நேர்முகம் வெள்ளிக்கிழமை. அந்த வாரம் பிறக்கிற நேரத்தில் அவளுடைய வலது ஆள்காட்டி விரலில் நகச்சுத்து வந்தது. விரல் வீங்கி, கத்தரிக்காய்ப் பிஞ்சு மாதிரி பளபளத்தது. எலுமிச்சங்காயில் துளை போட்டு விரலில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊசி என்ன, ஒரு சுள்ளியைக்கூடப் பிடிக்க முடியாது. தையல் எல்லாம் முடிந்திருந்தது. ரிபன் மட்டும்தான் பாக்கி.

"நான் போடுறேன்" என்றேன்.

எலுமிச்சங்காயை உயர்த்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இப்போது நினைத்துப் பார்க்கிறேன், அதில் நம்பிக்கை கொஞ்சமும் இல்லை. அப்போது எனக்கு அது தெரியவில்லை.

"சொந்தக் கையால செய்யணும்னு சொல்லியிருக்காங்களே."

"ரிபன் அலங்காரம்தானே. தையலா?"

"கேட்டா நான் உள்ளதச் சொல்லிருவேன்."

"கேட்கவா போறாங்க."

பிறகு எப்படிப் போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். பக்கத்தின் ஓரத்தில் பிளேடால் இரண்டிரண்டாகக் கீறிக்கொண்டு போக வேண்டும். ரிபன் ஒரு கீறலில் கீழே இறங்கி அடுத்த கீறலில் மேலே வர வேண்டும். கீறல் ரிபனின் அகலத்தைவிட ஒரு நூல் அளவு கூட இருக்க வேண்டும். குறைந்தால் ரிபன் சுருங்கும், கூடினால் நழுவும். முனையைப் பின்பக்கம் மடித்து இரண்டு தையல் போட வேண்டும். "பசை மட்டும் தொட்டுறாதீங்க. சாட்டின் பசையக் குடிச்சா மேல தெரியும்."

"சரி சரி" என்றேன். இந்த இரண்டு 'சரி'யில் ஒன்றுகூட உண்மை இல்லை.

புதன்கிழமை மத்தியானம் விரலைக் கீறிச் சீழ் எடுக்க அவள் டிஸ்பென்சரிக்குப் போனாள். எனக்கு ஸ்டோரில் வேலை குறைவு. மேசையில் பக்கங்களை வரிசையாக வைத்தேன், ரிபனை எடுத்தேன், பிளேடை எடுத்தேன். ஒரு பக்கத்தில் கீறிப் பார்த்தேன். அதற்குள்ளேயே எனக்கு அலுத்துவிட்டது. இப்படி ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தால் என்றைக்கு முடிவது? ரிபனுக்கு மாடிப்படி கட்டுகிற வேலை என்று தோன்றியது. ஒரு டீமேக்கருக்கு நேரம் என்றால் என்ன என்று தெரியும். ஒட்டினால் ஒரு மணி நேரத்தில் ஆயிற்று.

ஆபீஸில் ஒரு டின் பசை எப்போதும் இருக்கும். ஆட்களின் பேர் பதிகிற செக்ரோல் புத்தகங்களுக்கு அட்டை ஒட்டுகிற பசை. மைதா மாவைக் காய்ச்சி, கரப்பான் தின்னாமல் இருக்க அதில் மயில்துத்தம் போட்டிருப்பார்கள். அந்தப் பசையால் ஒட்டின அட்டை, புத்தகம் மக்கினாலும் கழலாது. நான் டின்னோடு தூக்கி வந்து, வரிந்துகட்டிக்கொண்டு ஒட்டினேன். பசையைத் தாராளமாகப் போட்டேன். என் வீட்டுக் காரியத்தில் நான் கஞ்சத்தனம் செய்வதில்லை.

எல்லாப் பக்கத்துக்கும் ஒட்டி முடித்து எட்ட நின்று பார்த்தேன். நேராகத்தான் இருந்தது, சத்தியமாக. ஈரம் மட்டும் காய வேண்டும். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. அடுப்புப் பக்கம் வைத்தால் புகை படும். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மலைநாட்டிலேயே ஈரத்தை எடுக்க மிகச் சிறந்த இடம் நான் வேலை செய்கிற இடம்தான், என்னைவிட அது தெரிந்தவன் யார்? பக்கங்களைத் துணியில் சுற்றிக்கொண்டு ஸ்டோரின் மேல்மாடிக்கு ஓடினேன். காலியாக இருந்த ஒரு சாக்குத் தட்டில் அவற்றை இடைவெளி விட்டுப் பரப்பினேன். காற்று நன்றாக வந்தது. மனதுக்குள் என்னையே ஒரு தட்டுத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி அரைக்கிற இடத்தைப் பார்க்கப் போனேன்.

திரும்பி மேலே வந்தபோது பதம் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. இங்கேதான் என் கை என் பேச்சைக் கேட்காமல் போனது. எத்தனையோ ஆயிரம் தடவை செய்த கை. தட்டின் பக்கத்தில் நின்றது, நீண்டது, கைக்கு எட்டின பக்கத்தின் மூலையை அள்ளி உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடித்தது. விட்டேன். அது உருண்டையாக அப்படியே நின்றது. "பதம் சரி" என்று வாய்விட்டுச் சொன்னேன். பிறகுதான் அது பொத்தான் துளைப் பக்கம் என்று பார்த்தேன்.

மற்ற பக்கங்களையும் அதற்குப் பிறகுதான் பார்த்தேன். சூட்டில் ரிபன் சுருங்கித் தாளை இழுத்திருந்தது. பக்கங்கள் எல்லாம் கொழுந்து வாடின மாதிரியே உள்பக்கமாகச் சுருண்டு கிடந்தன. வெள்ளை ரிபனில் பசை ஊறின இடமெல்லாம் மயில்துத்தம் வேலையைக் காட்டி, திட்டுத் திட்டாகப் பச்சை.

பின்னால் செருமல் சத்தம் கேட்டது. பெரிய டீமேக்கர்.

தேயிலைக்குத் தரம் பிரிக்கிற மாதிரி ஒரு பக்கத்தை எடுத்தார், முகர்ந்து பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது பி.ஓ.பி.யா தம்பி, டஸ்ட்டா?"

"ஐயா, இது வீட்டு வேலை."

"வீட்டு வேலையா. அந்தப் புள்ளயோட பொஸ்தகமா?" பக்கத்தை மெதுவாகத் தட்டில் வைத்தார். இந்த முறை சிரிக்கவில்லை. "வேணும்னே செஞ்சியா?"

"என்ன ஐயா கேக்குறீங்க?"

"நான் கேக்கல. கேக்கப் போறவ வீட்டுல இருப்பா. போ."

அவள் வீட்டில்தான் இருந்தாள். விரலில் எலுமிச்சங்காய் இல்லை, வெள்ளைக் கட்டு. நான் துணி மூட்டையை மேசையில் வைத்து அவிழ்த்தேன். உள்ளே இருந்து பக்கங்கள் ஒவ்வொன்றாகத் தலை தூக்கின.

"ஏங்க, இது என்னங்க?"

"ரிபன்."

"ரிபன் தெரியுது. பக்கமெல்லாம் ஏன் கும்பிட்டுக்கிட்டு இருக்கு?"

நான் நடந்ததைச் சொன்னேன். மேல்மாடி, காற்றாடி, பதம் பார்த்தது வரைக்கும் ஒன்றையும் மறைக்கவில்லை. நடுவில் அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்துச் சில இடங்களைக் கொஞ்சம் நன்றாகவே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பொத்தான் துளைப் பக்கத்தை எடுத்து மடியில் வைத்து, கசங்கின மூலையை இடது கையால் நீவிக்கொண்டே இருந்தாள்.

"நான் போகக் கூடாதுன்னு செஞ்சீங்களா?"

சத்தமாகக் கேட்கவில்லை. பருப்பு வெந்துவிட்டதா என்று கேட்கிற குரல்தான். எனக்கு எதற்கும் ஒரு பகிடி வாயில் தயாராக இருக்கும். அன்றைக்குப் பகிடியை விட்டுவிட்டேன். ஏனென்றால் அவள் விடுதிக்குப் போய்விட்டால் வீடு எப்படி இருக்கும் என்று நான் நினைத்துப் பார்க்காதவன் இல்லை. நினைத்தேன், பலமுறை நினைத்தேன். ஆனால் அந்தப் பசையில் அது இல்லை.

"இல்ல புள்ள. போகக் கூடாதுன்னு நெனைச்சிருந்தா அடுப்புல போட்டிருப்பேன், சுலபம். இது சுத்தமான முட்டாத்தனம்."

என் முகத்தைப் பார்த்தாள். நான் முட்டாள் மாதிரித்தான் இருந்திருக்க வேண்டும், அதில் நடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

"அப்பன்னா சரி" என்றாள். "கேத்தல்ல தண்ணி வைங்க."

நான் அவளுக்குத் தேத்தண்ணி வேண்டுமாக்கும் என்று நினைத்தேன். ஆவி வேண்டுமாம். கேத்தலின் மூக்கில் வருகிற ஆவியில் பக்கத்தின் ஓரத்தைக் காட்டிக் காட்டி, பசை இளகினதும் ரிபனை மெதுவாக உரிக்க வேண்டும். உரித்தேன். பச்சைத் திட்டோடு கூடிய ரிபன்கள் மேசையில் குவிந்தன. பக்கங்களை இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து, மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தேன். தையல் ஒன்றுக்கும் ஆபத்தில்லை. அவள் நூலால் பிடித்தது எதுவும் அசையவில்லை. கெட்டது எல்லாம் நான் தொட்ட ஓரம் மட்டும்தான்.

ரிபனுக்கு எங்கே போவது? பதுளைக்குப் போய்வர ஒரு பகல் வேண்டும். பொழுது இருக்கும்போதே குறுக்குப் பாதையில் லுணுகலைக்கு இறங்கினேன். துணிக்கடை முதலாளி தலையை ஆட்டினார்.

"வெள்ளை இல்ல. கத்தரிப்பூ நிறம் இருக்கு. தீபாவளிக்கு எடுத்தது, யாரும் தொடல."

"ஏன் தொடல?"

எடுத்து வெளியே போட்டார். ஏன் என்று உடனே தெரிந்தது. அகலமான ரிபன், அடுத்த மலையில் நின்றாலும் தெரிகிற நிறம்.

"இது நேர்முகத்துக்குப் போற ரிபன்" என்றேன், கடைக்காரர் மதிக்கட்டும் என்று.

"அப்ப இன்னும் ரெண்டு கெசம் சேத்து எடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து அவள் முன்னால் விரித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்து, ரிபனைப் பக்கத்தின் ஓரத்தில் வைத்துப் பார்த்தாள். அகலமாக இருந்ததால் மயில்துத்தத்தின் கறை முழுவதும் அதற்கு அடியில் மறைந்தது.

"நல்ல வேளை, ஒங்களுக்கு நிறம் தெரியாது" என்றாள்.

வியாழக்கிழமை காலையில் பெரிய டீமேக்கரிடம் லீவு கேட்டேன்.

"எதுக்கு?"

"ரிபன் கட்டணும் ஐயா."

"இந்தத் தோட்டத்துல தேயிலை நட்ட நாள்ல இருந்து இப்படி ஒரு லீவு எவனும் கேக்கல." தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "போ. இனிமே என் தட்டுல காகிதத்தப் பாத்தேன்னா ஒன்னையும் சேத்து ரோலர்ல போட்டு அரைப்பேன். அந்தப் புள்ளகிட்ட நான் சுகம் கேட்டதாச் சொல்லு."

அன்று முழுப் பகலும் நான் கை, அவள் வாய். தென்னை ஈர்க்கு ஒன்றை இடது கையில் பிடித்துக்கொண்டு இடத்தைக் காட்டினாள். முதலில் இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டு, பக்கங்களின் மேல் துணி விரித்துத் தேய்த்தேன். கும்பிட்டுக்கொண்டிருந்த பக்கங்கள் படுத்துக்கொண்டன. பிறகு பென்சிலால் புள்ளி, புள்ளிக்கு நேராகப் பிளேடு.

"அழுத்தாதீங்க. மாட்டுக்குப் புல்லா அறுக்குறீங்க?"

"கீறல் விழ வேணாமா?"

"விழணும். மேசையில விழ வேணாம்."

மேசையில் அந்தக் கீறல்கள் கடைசிவரைக்கும் இருந்தன. முதல் பக்கத்தில் ரிபன் மூன்று இடத்தில் முறுக்கிக்கொண்டது. உருவச் சொன்னாள், உருவினேன். மறுபடி முறுக்கியது, மறுபடி உருவினேன். ரிபனைச் சும்மா தள்ளக் கூடாதாம். முனையைச் சாய்வாக வெட்டி, கீறலுக்குள் விட்டு, பின்பக்கம் இருந்து பெருவிரலால் நீவிக்கொண்டே இழுக்க வேண்டும். மேலே வந்ததும் நகத்தால் ஒரு தடவு. அப்படிச் செய்தால் படுத்துக்கொள்ளும். இரண்டாவது பக்கத்தில் ஒரு இடத்தில்தான் முறுக்கியது. மத்தியானத்துக்குள் எனக்குக் கை வந்துவிட்டது. ரிபன் இறங்குகிறது, ஏறுகிறது, இறங்குகிறது. எனக்கே ஒரு ராஜநடை வந்து, இன்னும் இரண்டு வருஷம் விட்டால் நானே தையல் டீச்சர் ஆகிவிடலாம் என்று சொன்னேன்.

"பொம்பளப் புள்ளைங்க பள்ளிக்கூடம்ங்க. மீசைய எடுக்கணும்."

அவள் அப்போதுதான் சிரித்தாள். புதன்கிழமைக்குப் பிறகு முதல் சிரிப்பு. நான் மீசையை எடுக்கவும் தயாராகத்தான் இருந்தேன்.

கஷ்டம் ஊசியில் வந்தது. பின்பக்கம் மடித்த முனைக்கு இரண்டு தையல், அவ்வளவுதான். அந்த இரண்டு தையலுக்கு நான் என் விரல்களில் போட்ட துளைகளை எண்ணினால் சல்லடை செய்யலாம். என் தையல் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் பார்த்து நின்றது. அவளுடைய தையல் வரிசைக்குப் பக்கத்தில் அதைப் பார்த்தால், காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு வரிசையில் நிற்கிற ஆட்களுக்கு நடுவில் ஒரு குடிகாரன் நிற்கிற மாதிரி இருந்தது.

கடைசியாகப் பொத்தான் துளைப் பக்கம். என் கை பதம் பார்த்த மூலை எத்தனை தேய்த்தும் சுருக்கம் போகவில்லை. அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அந்த மூலையில குறுக்கா ரிபன் போடுங்க. இந்தக் கோடில இருந்து அந்தக் கோடிக்கு."

போட்டேன். சுருக்கம் மறைந்தது. ஒரு மூலைக்கு மட்டும் போட்டால் ஏன் என்று கேட்பார்கள் என்று எல்லாப் பக்கத்திலும் அதே மூலைக்குப் போடச் சொன்னாள். பிறகு பக்கங்களை அடுக்கி, இடது ஓரத்தில் துளை போட்டு, மிச்ச ரிபனால் சேர்த்துக் கட்டி முடிச்சுப் போட்டேன். முடிச்சை மட்டும் அவள் அவிழ்த்துவிட்டு, இடது கையாலும் பல்லாலும் தானே பூவாகக் கட்டினாள். தேயிலைப் பெட்டிக்குப் போடுகிற முடிச்சாம் நான் போட்டது.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் ஆல்பம் தலையணை உறைக்குள் என் மடியில் இருந்தது. பசறை வளைவுகளில் பஸ் சாயும்போதெல்லாம் நான் அதைப் பச்சைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டேன்.

"ரிபன் யாரு கட்டினதுன்னு கேட்டா?" என்றாள்.

"நீன்னு சொல்லு."

"பொய் சொல்லியா வேலைக்குப் போறது?"

"முழுப் பொய் இல்ல. மூளை ஒன்னுது, கை மட்டுந்தான் என்னுது."

"கை யாருதுன்னுதானே கேப்பாங்க."

"சொன்னா வேலை போயிரும் புள்ள. விளம்பரத்துல சொந்தக் கையாலன்னு போட்டிருக்கிறத நீதானே எனக்குப் படிச்சுக் காட்டினே."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பதுளை வரைக்கும் கட்டுப் போட்ட விரலை மடியில் வைத்து இடது கையால் மூடிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூட விறாந்தையில் இன்னும் சில பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியின் ஆல்பத்துக்கு வெல்வெட் உறை. நான் எங்கள் தலையணை உறையைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தேன். ஆனாலும் மார்பை நிமிர்த்தியே உட்கார்ந்திருந்தேன். பொத்தான் துளைக்கு வெல்வெட் பதில் சொல்லாது என்பது என் கட்சி.

தலைமையாசிரியை யாழ்ப்பாணத்து அம்மா. உயரமானவர், பேச்சு அளந்து வரும். அவருடைய அறைக்கு அரைக்கதவு. வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்தால் உள்ளே ஆட்களின் கால் தெரியும், பேச்சு நன்றாகக் கேட்கும். என் மனைவியின் முறை வந்தது. அவளுடைய செருப்பு உள்ளே போய் மேசைக்கு முன்னால் நின்றது.

"இதென்ன பிள்ளை, புத்தகம் தேயிலை மணக்குது?"

"தோட்டத்துல இருந்து வாறோம் அம்மா."

"ம்."

பக்கங்கள் புரளுகிற சத்தம். மெதுவாகப் புரண்டது. ஒரு இடத்தில் நின்றது.

"இந்தப் பொத்தான் துளை ஆரிட்டைப் பழகினது?"

"பண்டாரவளையில சித்திகிட்டங்க."

"கிட்டடியிலை இப்பிடி ஒண்டு நான் காணேல்லை. விரலிலை என்ன?"

"நகச்சுத்துங்க. தையல் முடிச்ச பிறகு வந்தது."

மறுபடி பக்கம் புரண்டது. இந்தத் தடவை ஆல்பத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்கிறார் என்று சத்தத்திலேயே தெரிந்தது. என் தையல்கள் எல்லாம் அங்கேதான் இருந்தன.

"அப்ப இந்த ரிபன் ஆர் கட்டினது?"

அவளுடைய செருப்பு அசையவில்லை. ஒரு மூச்சு நேரம் ஆகியிருக்கும், எனக்கு அது ஒரு தட்டுக் கொழுந்து வாடுகிற நேரமாக இருந்தது. பொய் சொல்ல அவளுக்கு வராது. உண்மையைச் சொன்னால் வேலை போகும். இரண்டுக்கும் நடுவில் அவளைக் கொண்டுபோய் நிறுத்தினது நான். இனி அவள் வாய் திறக்கும் வரைக்கும் காத்திருந்தால், புதன்கிழமை வீட்டில், போகக் கூடாதுன்னு செஞ்சீங்களா என்று அவள் கேட்டாளே, அந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்னதாக ஆகாது. எழுந்தேன். அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே என் மனைவி, கட்டினவன் வெளியே இருக்கிறேன் என்று சொல்கிற மாதிரி, கட்டுப் போட்ட விரலை நீட்டி, கதவைத்தான் காட்டிக்கொண்டு நின்றாள். அந்த விரலுக்கு நேர் முன்னால் போய் நான் நின்றேன். தலைமையாசிரியை எதையோ எழுதி முடித்து, பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.

வந்த பிறகு பேசாமல் நிற்பது என் பழக்கம் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, குரலைக் கணீரென்று வைத்துக்கொண்டு சொன்னேன்: "அம்மா, ரிபன் மட்டும் நான் கட்டினதுங்க. இவ வேணாம்னுதான் சொன்னா. மத்த ஒவ்வொரு தையலும் இவ கைதான். கோணலுக்கெல்லாம் நான் பொறுப்பு, அதுக்காக இவளத் தள்ளிறாதீங்க."

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என் மீசையைப் பார்த்தார், என் விரல்களைப் பார்த்தார்.

"அது பாத்த உடனையே விளங்கினது, அவவை வேலைக்கு எடுத்தும் ஆச்சு; நீர் வெளியிலை நில்லும்."